பிளக்கை மாற்றுவதற்கு முன் ஊசி வால்வைத் திறந்து பாருங்கள்

மாதிரி விமான எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. இந்த வாரம் மேசைக்கு வந்தது 46 அளவு (0.46 கன அங்குலக் கொள்ளளவு) இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். கூடவே ஒரு பை நிறைய எரிந்துபோன குளோ பிளக்குகள். குளோ பிளக் என்றால், கிளப்பும்போது பேட்டரியால் சூடேற்றி, பிறகு தானே கனன்று எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள் கொண்ட பிளக். ஒன்றைவிட ஒன்று சூடான ரகம், அதாவது சுருள் அதிகச் சூட்டைத் தக்கவைக்கும் ரகம். மெத்தனால் எரிபொருளில் சக்திக்காகச் சேர்க்கும் நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ) 15 சதவீதம். பிஸ்டன் தலை முழுக்கப் பொரிந்து கிடந்தது.

“சூடான பிளக் போட்டால் சக்தி கூடும்” என்று யாரோ சொன்னார்களாம். இதை யார்தான் பரப்புகிறார்கள்? குளோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. எந்தக் கணத்தில் தீப்பற்ற வேண்டும் என்று திருகிச் சரிசெய்யும் வசதியும் கிடையாது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பதில் பிளக்குக்குப் பெரும் பங்கு உண்டு. சூடான பிளக் கலவையைச் சீக்கிரம் பற்றவைக்கும். நைட்ரோ கூடினாலும், அழுத்த விகிதம் கூடினாலும் அதேதான் நடக்கும். மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் மேலேறி வரும்போதே வெடிப்பு அதை எதிர்த்து அடிக்கிறது. சக்தி கூடாது, குறையும். பிளாட்டினக் கம்பிச்சுருள் நசுங்கும், அறுந்துபோகும். நீங்களோ அதைவிடச் சூடான இன்னொரு பிளக்கை வாங்குகிறீர்கள்!

நைட்ரோ அதிகம், எஞ்சின் பெரியது என்றால் குளிர்ந்த ரகம். நைட்ரோவே இல்லை, எஞ்சின் சிறியது என்றால் சூடான ரகம். 5 முதல் 15 சதவீத நைட்ரோவில் ஓடும் சாதாரண இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஓ.எஸ். நிறுவனத்தின் 8-ஆம் எண் பிளக் போன்ற நடுத்தர ரகம் போதும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. இடையில் சுருள் ஆறிவிடும். அதற்கென்றே செய்த ஓ.எஸ். எஃப் போன்றதைப் போடுங்கள். எஞ்சினோடு வந்த கையேட்டில் பிளக்கின் பெயர் இருக்கும். அதைப் படிக்காமலே என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

சூடேறிய எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரி இணைப்பை எடுங்கள். வேகம் சட்டென்று விழுந்தால் கலவையில் எரிபொருள் மிகுந்திருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், அல்லது குளிர்ந்த ரகமாக இருக்கலாம். மாறாக, படபடவென்று பொரிகிற சத்தம் வந்து வேகம் தளர்ந்தால் முதலில் ஊசி வால்வைக் கால் சுற்று திறந்து எரிபொருளைக் கூட்டுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மட்டும் ஒரு படி குளிர்ந்த பிளக்.

செம்பு வாஷரை மறக்காதீர்கள். சின்ன எஞ்சினில் நீளமான பிளக்கைத் திணிக்காதீர்கள், பிஸ்டன் இடிக்கும். கார் எஞ்சின்களுக்கான டர்போ பிளக் சாதாரணத் தலையில் பொருந்தாது. பிளக்குக்கு வேண்டியது ஏறத்தாழ 1.5 வோல்ட், 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேரடியாகக் கொடுத்தால் புதுச் சுருள் நொடியில் போய்விடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது எஞ்சினுக்குப் பின்னால் நில்லுங்கள், புரொப்பெல்லரைத் தாண்டிக் கையை நீட்டாதீர்கள். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது; எரிபொருள் சிந்தியிருந்தால் துடைத்த பிறகே பிளக்கில் பேட்டரியை மாட்டுங்கள்.