கிளியா: பசையா, துணையா?

'கிளியா' (glia) என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் பார்த்தால் பச்சைக்கிளிதான் நினைவுக்கு வரும், அதுவும் கேள்விக்குறியோடு. 'கிளையா' என்று எழுதினால் மரம் நினைவுக்கு வரும். ஆங்கிலம் பேசுவோரிடையே இரண்டு ஒலிப்பும் உண்டு என்பதால் எப்படி எழுதினாலும் பிழையில்லை. மூளையிலும் முண்ணாணிலும் (தண்டுவடத்திலும்) கைகால்களுக்கு ஓடும் நரம்புகளிலும் நரம்புக் கலங்களோடு கூடவே இருந்து அவற்றோடு சேர்ந்து இயங்கும் வேறு பல வகைக் கலங்களுக்கு இது பொதுப்பெயர்.

'கலம்' என்றால் திருகோணமலையில் முதலில் கப்பல்தான். உள்ளே ஒன்றைக் கொண்டிருக்கும் ஏனம் என்பது அதன் அடிப்பொருள். கொள்கலம், உண்கலம் எல்லாம் அப்படி வந்தவை. தமிழ்நாட்டார் 'செல்' என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. சிற்றறை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லை ஒலிபெயர்ப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே இங்கே கலம் என்றே எழுதுகிறேன்.

'நரம்பு' இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'நியூரோன்' என்றால் தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி. தமிழிலும் நரம்பு என்பது யாழில் கட்டிய தந்தி. தொல்காப்பியம் இசைநூலையே 'நரம்பின் மறை' என்று குறிப்பிடுகிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே நாணிலிருந்து நரம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள் யாழ் நரம்புகளின் கணக்கை ஆராய்ந்தவர். சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பேச்சு வழக்கிலோ நரம்புக்கு எல்லையே இல்லை. நாளத்தில் ஊசி ஏற்றினாலும் 'நரம்பில் ஊசி' என்கிறோம். இலைக்கும் நரம்பு உண்டு. கணத்தாக்கத்தை, அதாவது நரம்பில் ஓடும் மின் சமிக்ஞையை, கடத்தும் கலம் என்ற திட்டமான பொருளை ஜெர்மானியரான வால்டையர் 1891இல் நியூரோன் என்ற சொல்லுக்குக் கொடுத்தார். 'நரம்புக் கலம்' அதற்குச் சரியான தமிழ்.

சிக்கல் கிளியாவில்தான். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ, மூளையில் நரம்புக் கூறுகளுக்கு இடையே ஏதோ ஒரு பொருள் நிரம்பியிருப்பதைப் பார்த்தார். அதை இணைப்பிழையம் (உறுப்புகளை இணைத்துத் தாங்கும் இழையம்) என்று எண்ணி 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் கிளியா என்றால் பசை. தம் மொழியில் அவர் சொன்ன விளக்கம் 'நரம்பு மக்கு'. மரப் படகின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றுப் போன்ற ஒன்று என்பதுதான் அவர் மனத்திலிருந்த படம். (அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் உடற்கூற்றியலைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். தமிழ் மருத்துவச் சொல்லாக்கம் நேற்று முளைத்ததல்ல.) பெயர் வைத்தபோது அது தனித்தனிக் கலங்களால் ஆனது என்பதே தெளிவாகவில்லை. 1873இல் இத்தாலியரான கமில்லோ கொல்கி வெள்ளி நைத்திரேற்றால் இழையத்தைக் கறுப்பாக்கும் முறையைக் கண்ட பிறகுதான் நுணுக்குக்காட்டியில் அவற்றின் உருவம் கிளை கிளையாகத் துலங்கியது.

ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'நரம்புப் பசை' என்றும் 'தாங்கு கலம்' என்றும் வந்த பெயர்ப்புகள் அந்தப் பழைய ஊகத்தையே சுமக்கின்றன. அவை சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குத் தவறு. ஏன் தவறு என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

முதலில் வளர்ச்சி. முளையத்தின் (வயிற்றில் வளரும் கருவின்) மூளையில் புதிதாகப் பிறக்கும் நரம்புக் கலங்கள் உள்ளறையின் ஓரத்திலிருந்து மேற்பரப்பு வரை போகவேண்டும். 1970களின் தொடக்கத்தில் நரம்பியலாளர் பாஸ்கோ ராக்கிச் குரங்கு முளையங்களில் அந்தப் பயணத்தின் தடத்தைக் கண்டார். சக்கரத்தின் ஆரைகள்போல நீண்டு நிற்கும் ஒருவகைக் கிளியாவின் நார்களைப் பற்றிக்கொண்டு நரம்புக் கலங்கள் ஊர்ந்து செல்கின்றன. 2001இல் எலி போன்ற கொறிணிகளில் செய்த ஆய்வுகள் இன்னும் பெரிய செய்தியைச் சொல்லின: வழிகாட்டும் அந்த ஆரைக் கிளியாவே பிரிந்து நரம்புக் கலங்களைப் பெற்றெடுக்கிறது. பசை பிள்ளை பெறுமா?

அடுத்தது இணைப்பு. 1997இல் நரம்பியலாளர் பென் பாரெஸின் ஆய்வுக்கூடத்தில் எலியின் விழித்திரையிலிருந்து நரம்புக் கலங்களை மட்டும் பிரித்து வளர்த்தார்கள். அவை உயிரோடு இருந்தன, முளைகளையும் (கலத்திலிருந்து நீளும் இழைகளையும்) நீட்டின. ஆனால் ஒன்றோடொன்று அவ்வளவாகப் பேசவில்லை. கிளியாவைச் சேர்த்ததும் நரம்பிணைப்புகளின் செயற்பாடு பல மடங்கு பெருகியது. மறுபுறம், நுண்கிளியா எனப்படும் வகை வேண்டாத இணைப்புகளை விழுங்கி அகற்றுகிறது. இதற்குத் தெளிவான சான்று சுண்டெலியின் பார்வைத் தடத்தில் 2012இல் கிடைத்தது. இந்த நுண்கிளியா நரம்பு வம்சமே அல்ல. கருவூண் பையில் தோன்றி மூளைக்குக் குடிவந்த நோயெதிர்ப்புக் கலம்.

மூன்றாவது சமிக்ஞை. நரம்புக் கலத்தைப்போலக் கணத்தாக்கத்தை உண்டாக்கிக் கடத்துவது உடுக்கலம் என்ற கிளியா வகையின் வேலையல்ல. (உடு என்றால் விண்மீன். அந்த வடிவால் வந்த கிரேக்கப் பெயருக்கு இது நேர்த் தமிழ்.) அதனால் மின்முனையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஊமையாகவே தெரிந்தது. கல்சியத்தைக் காட்டும் ஒளிரும் சாயங்கள் வந்த பின் நிலைமை மாறியது. வளர்ப்பு ஊடகத்திலிருந்த உடுக்கலங்கள்மேல் குளூட்டமேற்றை (நரம்புக் கலங்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருளை) சேர்த்தால் உள்ளே கல்சியம் உயர்ந்து, அந்த உயர்வு கலத்திலிருந்து கலத்துக்கு அலையாகப் பரவுவதை 1990இல் காட்டினார்கள். உயிருள்ள மூளையில் உடுக்கலம் பதிலுக்கு எதை, எவ்வளவு வெளிவிடுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். கேட்கிறது என்பதில் மட்டும் சண்டையில்லை.

வேகத்துக்கும் இதில் பங்குண்டு. நம் மீன் சந்தையில் ஊசிக்கணவாய் வாங்குபவர்கள் அறியாத ஒரு பெருமை அந்த இனத்துக்கு இருக்கிறது. கணத்தாக்கம் எப்படி ஓடுகிறது என்பதை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் அத்திலாந்திக் ஊசிக்கணவாயின் பெரு நரம்புமுளையில்தான் அளந்தார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். அரை மில்லிமீற்றர் தடித்த அந்த முளையில் கணத்தாக்கம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும். நம் உடலில் அதைவிடப் பல மடங்கு மெல்லிய முளைகளிலேயே செக்கனுக்கு 100 மீற்றர் எட்டுகிறது. கணவாயிடம் இல்லாத மயலின் என்ற கொழுப்பு உறையை நம்மிடம் கிளியா சுற்றிவிடுகிறது என்பதே காரணம். மூளையிலும் முண்ணாணிலும் அந்த உறையைச் சுற்றுவது சில்கிளைக் கலம், வெளி நரம்புகளில் சுவான் கலம். தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்தச் சுவான் கலத்தில்தான். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளர்களைத் தனியே வைத்துப் பராமரித்த காலத்தை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். அந்த நோயில் கைகால் மரத்துப்போவதற்கு இந்த நரம்புச் சேதமே காரணம்.

நரம்புக் கலம் ஒன்றுக்குப் பத்துக் கிளியா என்று இன்றும் பல நூல்கள் எழுதுகின்றன. அதை அடித்துவிடலாம். 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளை இழையத்தைக் கரைத்துக் கலங்களின் உட்கருக்களை எண்ணினார்கள். நரம்புக் கலங்கள் சுமார் 8,600 கோடி, கிளியா உட்பட மற்றவை எல்லாம் சேர்த்து சுமார் 8,500 கோடி.

அப்படியானால் தமிழில் எதை எழுதுவது? 'நரம்புத் துணைக்கலம்' என்பதையே நான் தேர்வேன். துணை என்றதும் துணை அதிபர், துணைவேந்தர் என்று இரண்டாம் நிலை தொனிக்கிறது என்று சிலர் மறுக்கக்கூடும். அது அலுவலகத் தமிழ் கொடுத்த தொனி. வாழ்க்கைத்துணை யாருக்கும் கீழ்நிலை அல்லவே. வழித்துணை என்ற சொல்லோ ஆரைக் கிளியாவின் வேலையை அப்படியே சொல்கிறது. வகைகளுக்கு உடுக்கலம், சில்கிளைக் கலம், நுண்துணைக்கலம், ஆரைத் துணைக்கலம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆரைத் துணைக்கலம் தாயாகவும் இருப்பதை இந்தப் பெயர் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதற்காக அதற்கு மட்டும் தனிப்பெயர் கட்டத் தேவையில்லை.

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர், சித்த நூல்களில் பழைய, அகன்ற பொருளில் வரும் நரம்பையும் உடற்கூற்றியலின் நரம்பையும் ஒருசேரக் கையாளவேண்டியிருக்கிறது. அவர் 'நரம்புத் துணைக்கலம்' என்று எழுதினால் எந்த நரம்பு என்ற குழப்பம் எழாது. நோய்ப்பெயரில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். இக்கலங்களிலிருந்து எழும் கழலைக்குக் 'கிளியோமா' என்றே பெயர் இருக்கட்டும். நோயாளியின் கையிலுள்ள அறிக்கையும் மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும்.