சேற்றுக்குள் காற்று கொண்டுபோகும் நீர்ப்பிரமி

தொட்டிச் செடிக்குத் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஆனால் குளக்கரைச் சேற்றிலேயே ஆண்டுக்கணக்கில் படர்ந்து கிடக்கிற நீர்ப்பிரமிக்கு ஒன்றும் ஆவதில்லையே, எப்படி?

அழுகலின் தொடக்கம் மூச்சுத்திணறல். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மண் இடுக்குகளில் நீர் புகுந்ததும், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவிலேயே தீர்த்துவிடுகின்றன. அதன்பின் சில நுண்ணுயிர்கள் இரும்புச் சேர்மங்களையும் சல்பேட்டையும் வைத்துப் பிழைக்கின்றன. குளத்துச் சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலைதான். அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேருக்கு நஞ்சு.

நீர்ப்பிரமியின் தண்டைக் குறுக்கே நறுக்கி லென்சில் பாருங்கள். சக்கரத்தின் ஆரங்களைப் போல மெல்லிய சுவர்கள், அவற்றுக்கிடையே காற்றறைகள். வெளிக்காற்றும், ஒளிச்சேர்க்கையில் பிறக்கும் ஆக்சிஜனும் இந்த அறைகள் வழியாக வேர்வரை இறங்குகின்றன. ஈரநிலச் செடிகள் பலவற்றில் வேர் நுனியருகே கொஞ்சம் ஆக்சிஜன் வெளியேயும் கசியும். அது பட்டதும் சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வேரின்மேல் படியும். நாற்று பிடுங்கியவர்கள் நெல் வேரில் அந்தச் செம்பழுப்பைப் பார்த்திருப்பார்கள்.

வளர்ப்பது எளிது. ஒரு சாண் தண்டைக் கிள்ளி, நீர் ஏறி இறங்கும் விளிம்பில் ஈரமண்மேல் படுக்கவைத்தால் போதும். கணுவுக்குக் கணு வேர்விடும். நீர் வற்ற வற்ற, கொடி ஈரத்தைத் தேடி உள்ளே நகரும். நல்ல வெயில் விழுந்தால் இலைக்கக்கத்தில் வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக ஐந்திதழ்ப் பூக்கள் வரும். குளம் இல்லாதவர்கள் ஓட்டையில்லாத தொட்டியில் சேறு குழைத்து வைக்கலாம்.

இதை வல்லாரை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ‘பிரம்மி’ என்ற பெயரை இரண்டுக்கும் வைத்ததால் வந்த வினை. வல்லாரை இலை நீண்ட காம்புடன் சிறுநீரக வடிவில் இருக்கும். இதன் இலையோ காம்பில்லாமல், சிறிதாக, தடித்திருக்கும்.

துவையலுக்குப் பறிக்கும்முன் குளத்தைப் பாருங்கள். காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை இச்செடி உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். கழிவுநீரைச் சுத்தப்படுத்த இதை ஆராய்வதும் அதனால்தான். சாக்கடை கலக்கும் கரையில் வளர்ந்ததை அம்மிக்குக் கொண்டுவர வேண்டாம்.