கீறல்கள் காட்டிக்கொடுக்கும் வம்சாவளி

கிங் ஆலிவர் குழு 1923-ல் பதிவு செய்த ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ என்ற ஜாஸ் உருப்படியை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஏகப்பட்ட வடிவங்கள் வந்து விழும். ஒன்றில் சத்தமே மங்கி, எல்லா வாத்தியமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இன்னொன்றில் இரைச்சல் காதைக் குடையும், ஆனால் ஆலிவரின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) பளிச்சென்று வெளியே நிற்கும். ஒன்று கொஞ்சம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறியிருக்கும். வேறொன்றில் வாசிப்பே மாறியிருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பெயர், ஒரே வருடம்.

இதில் எது 1923-ல் அந்த அறையில் ஒலித்ததற்கு நெருக்கமானது? பழைய ஜாஸ் தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் நூறு ஆண்டாகக் கேட்டுவரும் கேள்வி இதுதான் என்றே சொல்லலாம். விடை தேட அவர்கள் கண்டுபிடித்த வழிகள் சுவாரசியமானவை. பெரும்பகுதி இயற்பியல், கொஞ்சம் துப்பறிதல்.

முதல் சிக்கல் எளிது. ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ அந்த ஆண்டில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. ஏப்ரல் 6 அன்று இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஜென்னெட் நிறுவனத்துக்காக ஒரு முறை. ஜூன் 23 அன்று சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காக இன்னொரு முறை. தலைப்பும் ஆண்டும் ஒன்றாக இருப்பதால் மறுவெளியீடுகளில் இவை இரண்டும் இடம் மாறிப் போவது சர்வ சாதாரணம். ஆனால் தட்டில் இருக்கும் எண் மாறாது. ஜென்னெட் பதிவின் எண் 11389. ஓகே பதிவின் எண் 8402. இந்த எண்ணுக்கு மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். சேகரிப்பாளர்களுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

அந்த எண் எப்படி வந்தது என்று தெரிய, பதிவு நடந்த முறையைப் பார்க்க வேண்டும். 1923-ல் மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. சுவரிலிருந்து நீண்டிருக்கும் ஒரு பெரிய கூம்புக் குழலைப் பார்த்துக் குழுவினர் வாசிப்பார்கள். குழலின் மறுமுனையில் மெல்லிய தகடு ஒன்று அதிரும். அதோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைப் பள்ளமாக வெட்டும். இசையின் சக்தியே ஊசியை நகர்த்தியாக வேண்டும். அதனால் யார் எங்கே நிற்பது என்பதுதான் அன்றைய ஒலிப்பதிவுக் கலை. ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங், வயது 21. அவருடைய ஊதல் அத்தனை வலுவாக இருந்ததால் அவரை மற்றவர்களுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரம்ஸ் வாசித்த பேபி டாட்ஸ் முழுத் தொகுப்பையும் பயன்படுத்த முடியவில்லை. பெரிய முரசின் அதிர்ச்சி ஊசியைத் துள்ளவைத்துவிடும் என்பதால் மரக்கட்டைகளைத் தட்டிச் சமாளித்தார். ஸ்டுடியோவை ஒட்டி ரயில் பாதை வேறு. வண்டி போகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

மெழுகில் வெட்டி முடித்ததும் அதன் உள்விளிம்பில் எண்ணைப் பொறித்தார்கள். பிறகு மெழுகின் மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு ஒன்றைத் தடவி, மின்முலாம் முறையில் உலோகம் படியவைத்தார்கள். பிரித்தெடுத்தால் ஒரு எதிர்ப்படி கிடைக்கும். பள்ளம் இருந்த இடத்தில் அதில் மேடு இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை ‘தந்தை’ என்பார்கள். தந்தையிலிருந்து இன்னொரு உலோகப் படி எடுத்தால் அது ‘தாய்’. மறுபடி பள்ளங்களோடு இருக்கும், சாதாரண ஊசி வைத்தே கேட்கலாம். தாயிலிருந்து எடுக்கும் எதிர்ப்படிதான் அச்சு. சூடான அரக்குக் கலவையை அதனால் அழுத்தினால் கடையில் விற்கும் தட்டு. மெழுகில் பொறித்த எண் இந்தத் தலைமுறைகள் எல்லாவற்றையும் கடந்து நம் கைக்கு வந்துசேர்கிறது.

எண்ணோடு ஒரு எழுத்தோ சின்ன எண்ணோ ஒட்டியிருக்கும். அது டேக் குறி, அதாவது இது எத்தனையாவது முறை வாசித்தது என்பதற்கான அடையாளம். அன்று வெட்டி ஒட்டித் திருத்த வழி கிடையாது. ஒருவர் தவறினால் புதிய மெழுகை வைத்து முதலிலிருந்து வாசிக்க வேண்டும். நன்றாக வந்ததை வெளியிடுவார்கள். சில சமயம் இரண்டு டேக்குகளும் வெளியாகிவிடும். ஆலிவர் குழு பாரமவுண்ட் நிறுவனத்துக்கு வாசித்த ‘மேபல்ஸ் ட்ரீம்’ அப்படித்தான். இரண்டு டேக்குகள் இருக்கின்றன, லேபிளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மறுவெளியீட்டாளர் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு ‘முழுத் தொகுப்பு’ என்று போட்டால் பாதி காணாமல் போயிருக்கும்.

தட்டு கைக்கு வந்தால் சேகரிப்பாளர் முதலில் செய்வது என்ன? விளக்கின் அடியில் சாய்த்துப் பிடிப்பது. நேர் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. சாய்வாக விழும் ஒளியில் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலான வெற்று வளையத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும். ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தட்டில் அங்கே தெரிவது W 400967-B. முன்னால் இருக்கும் அந்த ஆங்கில எழுத்து, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின் ஒலிப்பதிவு முறை பயன்பட்டதற்கான அடையாளம். நடுவில் இருப்பது 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் நடந்த பதிவின் எண். கடைசி எழுத்து டேக். சில மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரே வரியில் இவ்வளவு செய்தி. வேறு பெயரில், வேறு லேபிளில் ஒரு தட்டு கிடைத்து அதிலும் இதே எண் இதே எழுத்தமைப்பில் இருந்தால், அது அதே உலோகக் குடும்பத்தில் பிறந்தது என்று நம்பலாம்.

வேறு பெயர் என்பது அபூர்வம் இல்லை. ஜென்னெட் தன் மலிவு விலை லேபிளான சாம்பியனில் அதே பதிவுகளைப் புனைபெயர்களில் விற்றது. அந்தக் கற்பனைக் குழுக்களுக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை எண்களை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். உலோகப் படிகள் இருந்தால் மறுவெளியீடு சுலபம். ஜார்ஜ் அவாக்கியன் என்ற இளைஞர் 1940-ல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவுகளைத் தொகுத்தபோது, நிறுவனத்தின் கிடங்கில் அதுவரை வெளிவராத பதிவுகளையே கண்டெடுத்தார். எல்லா நிறுவனங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஜென்னெட், பாரமவுண்ட் போன்றவை நொடித்தபோது உலோகப் படிகள் பழைய செம்பின் விலைக்குப் போயின. பாரமவுண்டை நடத்தியது ஒரு நாற்காலிக் கம்பெனி. அதன் தகடுகள் கோழிக்கூண்டுகளை அடைக்கப் போனதாகக் கதைகூட உண்டு. பிறகு போர் வந்தது. தட்டுக்கான அரக்கு பெரும்பாலும் நம் சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942-ல் அமெரிக்காவில் அதற்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளைச் சேர்த்து வாங்கி அரைத்துப் புதிய தட்டு போட்டார்கள். எத்தனை அருமையான பதிவுகள் அப்படிக் கரைந்தன என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

உலோகம் இல்லையென்றால் ஒரே வழி, யாரோ வீட்டில் தப்பிப் பிழைத்த அரக்குத் தட்டை ஓடவிட்டு அதிலிருந்து புதுப் பதிவு எடுப்பது. ஆலிவரின் ஜென்னெட் பதிவுகளை நாம் கேட்பதெல்லாம் இந்த வகையில்தான். இங்கேதான் வம்சாவளி விஷயம் வருகிறது. அந்தத் தட்டில் இருக்கும் கீறல், விரிசல், தேய்மானம் எல்லாம் புதுப் பதிவிலும் ஏறிவிடும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் அதிலும் தொடரும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள், ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள இரண்டு சுவடிகள் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்தவை என்று முடிவு கட்டுவார்கள் அல்லவா? அதே தர்க்கம்தான் இங்கேயும். இரண்டு மறுவெளியீடுகளில் பாட்டின் அதே நொடியில் அதே ‘டப்’ சத்தம் கேட்டால் இரண்டும் ஒரே தட்டின் பிள்ளைகள், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி.

இதைவிட நுட்பமாகவும் போகலாம். தட்டில் குறுக்காக ஒரு விரிசல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதில் ஒரு முறை இடிக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால், 60-ஐ 78-ஆல் வகுக்க, 0.77 நொடிக்கு ஒரு இடி. பின்னாளில் வந்த, 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. தட்டு என்றால் 1.8 நொடிக்கு ஒன்று. ஆகவே கணினியில் ஒரு கோப்பைத் திறந்து அலைவடிவத்தில் இடிகளின் இடைவெளியை அளந்தால் போதும். 0.77 இருந்தால் அது மூலத் தட்டின் காயம். 1.8 இருந்தால் யாரோ நடுவில் ஒரு எல்.பி.யிலிருந்து படியெடுத்திருக்கிறார்கள். இரண்டும் இருந்தால் இரண்டு தலைமுறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன! இடைவெளி 0.75 என்று வந்தால் மூலத் தட்டை 80 சுற்றில் ஓட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விரிசல் இவ்வளவு உண்மையைச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்புதான்.

வேகம் ஏன் முக்கியம்? 78 என்பது பின்னால் நிலைத்த கணக்கு. பதிவு எந்திரங்கள் பாரம் தொங்கவிட்டு இயக்கியவை, வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கு ஏறிவிடும். அப்போது கார்னெட்டின் குரலே மெலிந்து, விரலோட்டம் உண்மையைவிட வித்தையாகத் தெரியும். அன்றைய ஊதல் கலைஞர்கள் எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் போன்ற தங்கள் விரலுக்கு வசதியான சுருதிகளில்தான் பெரும்பாலும் வாசித்தார்கள். ஒரு மறுவெளியீடு ‘பி’ சுருதியில் வந்து நின்றால் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

டேக்கைப் பிரித்தறியவும் இதே கணினி உதவுகிறது. இரண்டு வடிவங்களை ஒரே இடத்தில் தொடங்கி ஓடவிடுங்கள். வேகம் மட்டும் வேறென்றால் இடைவெளி சீராக விரிந்துகொண்டே போகும். வாசிப்பே வேறென்றால் ஒரு இடத்தில் இது முந்தும், இன்னொரு இடத்தில் அது முந்தும். மனிதர்கள் இரண்டு முறை ஒரே மாதிரி தாளம் போடுவதில்லை.

அப்புறம் ஊசி. எல்.பி. ஊசியின் முனை சுமார் 25 மைக்ரான். பழைய தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டு கரகரக்கும். நல்ல நிபுணர்கள் பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு, பழைய இரும்பு ஊசிகள் தேய்க்காத உயரத்தில் பள்ளத்தின் சுவரைத் தொடும் ஊசி எது என்று தேடுவார்கள். ஒலியைச் சமன்செய்யும் அளவுகளும் வேறு. எல்.பி.க்கான 1954-ன் பொது அளவு 10,000 ஹெர்ட்ஸில் ஒலியை ஏறக்குறைய 14 டெசிபல் குறைக்கும். பழைய தட்டை அப்படியே அதில் செலுத்தினால் மேல் ஒலி அமுங்கி, கீழ் ஒலி ஊதிப்போகும். தொடக்கத்தில் சொன்ன அந்த மங்கல் வடிவங்கள் பலவற்றுக்கு இதுவும், அளவுக்கு மீறிய இரைச்சல் வடிகட்டலும்தான் காரணம். என் கருத்து வெளிப்படையானது: இரைச்சலைக் கொன்றால் ஆலிவர் குழுவின் ஜானி டாட்ஸ் வாசித்த கிளாரினெட்டும் கூடவே சாகும். இரைச்சலுக்குக் காது சில நிமிடத்தில் பழகிவிடும். போன கிளாரினெட் திரும்ப வராது.

இதைப் புரிந்து வேலை செய்தவர்களில் இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸை நன்றியோடு சொல்ல வேண்டும். கணினி இல்லாத காலத்தில் அவர் தட்டை ஒலிநாடாவுக்கு மாற்றி, ஒவ்வொரு சொடுக்கும் நாடாவில் எங்கே விழுந்தது என்று தேடி, அந்த இடத்துக் காந்தப் பூச்சை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்தார். சுற்றியிருக்கும் இசையில் கை படாது. அதற்கு முன்பே, 1930-களில், நியூயார்க்கில் இசைத்தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளர் பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்து, வாசித்தவர்கள் பெயரை லேபிளிலேயே அச்சிட்டார். பாரிஸில் சார்ல் டெலோனே 1936-ல் பதிவுகளின் எண்களையும் கலைஞர்களையும் பட்டியலிட்டு நூலாக்கினார். இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையப் பட்டியலில் மேட்ரிக்ஸ் எண்ணைக் கொடுத்தே தேடலாம். ஆலிவரின் 1923 பதிவுகள் முழுவதையும் நல்ல மூலத் தட்டுகளிலிருந்து புதிதாக எடுத்து ஆர்க்கியோஃபோன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டபின் பழைய எல்.பி.களுக்குத் திரும்புவது கஷ்டம்.

2024 ஜனவரி 1 முதல் 1923-ன் ஒலிப்பதிவுகள் அமெரிக்காவில் பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், வெளியிடுகிறார்கள். எந்தத் தட்டிலிருந்து, யார் எடுத்தது என்று சொல்லாத வெளியீட்டை நான் வாங்குவதில்லை.

ஒரு பதிவுக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவுமே தேவையில்லை. ஆலிவர் குழு 1923 அக்டோபரில் வாசித்த ‘ஜூலூஸ் பால்’ உள்ள ஜென்னெட் 5275-ஆம் எண் தட்டில் ஒரே ஒரு பிரதிதான் தெரியவந்திருக்கிறது. அதன் மறுவெளியீடு எதுவானாலும் அந்த ஒரே தட்டின் வம்சம்தான். இரண்டாவது பிரதி ஒன்று கிடைத்தால், ஒன்றில் கீறல் விழுந்த இடத்தை மற்றதிலிருந்து எடுத்து நிரப்பலாம். இரண்டையும் கணினியில் நேர்ப்படுத்தும் வேலை இன்று கடினமே இல்லை. தட்டுதான் வேண்டும்.