புராஸ்டேட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

புராஸ்டேட் என்றும் புரோஸ்டேட் என்றும் எழுதுகிறோம். பேச்சில் பெரும்பாலும் ‘பிராஸ்ட்ரேட்’. அப்படி ஒரு ரகரத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் ஆங்கிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுவதைக் குறிக்கும் வேறு சொல் ஆகிவிடும். ஆனாலும் யூராலஜி ஓ.பி. வரிசையில் இந்த உச்சரிப்புதான் செல்லுபடியாகிறது.

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும். இளவயதில் பெருநெல்லிக்காய் அளவு, ஏறக்குறைய 20 கிராம் எடை. சிறுநீர்க்குழாய் இதன் நடுவைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. வயதாக ஆகச் சுரப்பி பருக்கும், குழாய் நெருக்கப்படும், இரவில் நாலு தடவை எழுந்து போக வேண்டிவரும். இது பெரும்பாலும் சாதாரண வீக்கம். புற்றுநோய் வேறு. அது அதிகமும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில், குழாயைத் தொடாத இடத்தில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடும்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘ப்ரோஸ்டாட்டேஸ்’ என்றால் முன்னால் நிற்பவர். பழைய ஏதென்ஸில் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்காகப் பொறுப்பேற்கும் உள்ளூர்க் குடிமகனுக்கும் இதே பெயர். தமிழிலும் ‘கல்யாணத்தைத் தாய்மாமன் முன்னின்று நடத்தினார்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள்.

ஆனால் இந்தப் பெயர் சுரப்பிக்கு வந்து சேர்ந்த வழி நேரானதில்லை. அலெக்சாந்திரியாவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இருந்த கிரேக்க மருத்துவர் ஹெரோஃபிலோஸ், விந்துப் பாதையை ஒட்டிய உறுப்புகளுக்கு ‘பாராஸ்டாட்டை’ என்று பெயரிட்டதாகப் பிற்காலத்துக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நிற்பவை என்று பொருள். இன்று நாம் புராஸ்டேட் என்னும் சுரப்பியை 1536இல் வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ மாஸா விவரித்தார். 1538இல் உடற்கூற்று ஆசிரியர் வெசாலியஸ் படம் வரைந்து காட்டினார். இருவரும் இந்தப் பெயரைச் சொல்லவில்லை. 1600இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே து லோரான் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது ‘பாரா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ப்ரோ’ புகுந்துவிட்டது, பக்கத்தில் நின்றது முன்னால் வந்துவிட்டது என்பது மருத்துவ வரலாற்றாசிரியர்கள் சிலரின் முடிவு. அதுவும் பன்மையில்தான் வழங்கிற்று. ஒற்றைச் சுரப்பி என்று பெயர் ஒருமைக்கு வர இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

இந்தப் பின்னணியோடு ‘முன்னிற்குஞ் சுரப்பி’ என்ற தமிழாக்கத்தைப் பாருங்கள். கலைச்சொல் பட்டியல்களில் இருக்கிறது. ஞகரச் சந்தியோடு பார்க்க அழகாகவும் இருக்கிறது. கிரேக்கத்துக்கு முழு விசுவாசம். ஆனால் எதற்கு முன்னால்? உடலைக் கீழிருந்து மேலாக அறுத்துப் பார்த்த உடற்கூற்று ஆசிரியனுக்குச் சிறுநீர்ப்பைக்கு முன்னால் இது தென்பட்டது. நோயாளிக்கோ, மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் சுரப்பி இது. பின்னால் தேடுகிற ஒன்றை முன்னிற்பது என்று சொன்னால் அவர் எதை நினைத்துக்கொள்வார்?

அடுத்தது ‘சுக்கிலச் சுரப்பி’. சுக்கிலம் வடசொல், வெண்மை என்பது அடிப்படைப் பொருள். சுக்கில பட்சத்தில் இருப்பதும் அதுதான். சித்த மருத்துவத்தில் சுக்கிலம் ஏழு உடற்தாதுக்களில் கடைசி: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை எல்லாம் கடந்து வரும் சத்து. சிக்கல் இங்கேதான். ஒரு தாதுவையே சுரக்கும் உறுப்பு என்று பெயர் வைத்துவிட்டு ‘அதை எடுத்துவிடப் போகிறோம்’ என்று அறுபத்தைந்து வயதுக்காரரிடம் சொன்னால், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள் இத்தனை காலம் ஊட்டிவைத்த பயமெல்லாம் ஒரே நிமிடத்தில் எழுந்து நிற்கும். உண்மையில் விந்து நீரில் பெரும்பகுதி புராஸ்டேட்டை ஒட்டிய விந்துப் பைகளிலிருந்து வருகிறது. புராஸ்டேட்டின் பங்கு ஏறக்குறைய கால் பாகம். உயிரணு விதையில் உருவாகிறது, ஆண் ஹார்மோனில் பெரும்பகுதியும் அங்கேதான். புராஸ்டேட்டை எடுப்பதும் விதையை எடுப்பதும் வேறு வேறு.

இந்த வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைப் படிவங்களைத் தமிழாக்குவது என் வேலையின் ஒரு பகுதி. ஒருமுறை வார்டு வாசலில் ஒரு பெரியவர் படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மகன் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, கொட்டையை எடுத்துருவாங்களா?” “இல்லைங்க அய்யா, இது மூத்திரப் பைக்குக் கீழே உள்ளது, விதை அப்படியேதான் இருக்கும்” என்றதும் “அப்போ எழுத்துல ஏன் இப்படிப் போட்டிருக்கு?” என்றார். படிவத்தில் இருந்தது ‘சுக்கிலச் சுரப்பி முழு நீக்கம்’.

நம் மரபில் இந்த நோய்க்குப் பெயரே இல்லையா என்றால், உறுப்புக்கு இல்லை, தொல்லைக்கு உண்டு. கல்லடைப்பு, நீரடைப்பு, சதையடைப்பு என்று சித்த வைத்தியர்கள் வழங்கினார்கள். சதை வளர்ந்து நீரை அடைப்பது என்னும் பெயர், சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஆனால் புற்றுக்கு இதை வழங்கக் கூடாது. அடைப்பு இல்லாமலேயே புற்று இருக்கும், அடைப்பு உள்ள பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது.

என் முடிவு இது: உறுப்புக்கு ‘புராஸ்டேட் சுரப்பி’ போதும். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி’ என்று ஒரு தொடர் சேர்க்கலாம். ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ.வை அப்படியே விடலாம். விந்து உறைந்து கட்டியாகாமல் இளக்குவதற்குச் சுரப்பி தயாரிக்கும் புரதம் அது. ரத்தத்தில் கூடினால் வீக்கமா, தொற்றா, புற்றா என்று மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடியதாலேயே புற்று என்று ஆகாது. தனித்தமிழில் ஆர்வமுள்ள நண்பர்கள் கோபிக்கலாம். தனித்தமிழுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, வேறு இடத்தில்: சிகிச்சைகளுக்கும் பக்க விளைவுகளுக்கும்.

முதலில் ‘ஆண்மைக் குறைவு’. புராஸ்டேட் சிகிச்சைத் தமிழ்க் குறிப்புகளில் இதைப் போல வேலை செய்யாத சொல் வேறில்லை. அதன் பின்னே குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: விறைப்பு வராமை, விந்து வராமை, ஆசை குறைதல். மூன்றுக்கும் தெளிவான தமிழ் இருக்கிறது. எந்தச் சிகிச்சை எதைத் தொடுகிறது என்று சொல்ல மூன்றும் தனித்தனியே வேண்டும்.

புற்றுக்காகச் செய்யும் அறுவையில் சுரப்பியோடு விந்துப் பைகளும் போய்விடுவதால் விந்து வராது. உச்சம் இருக்கும், நீர் இருக்காது. விறைப்புக்கான நரம்புக் கற்றைகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டி ஓடுகின்றன. 1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் அவற்றை விட்டுவைத்து அறுக்கும் முறையைச் செய்துகாட்டும்வரை, பெரும்பாலோருக்கு விறைப்பு போய்விடும். இப்போதும் புற்று நரம்பை ஒட்டியிருந்தால் விட்டுவைக்க முடியாது. ஆசை குறைவது அறுவையின் நேரடி விளைவு ஆகாது, ஏனென்றால் ஹார்மோன் தொடப்படவில்லை. ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் சிகிச்சையில் முதலில் போவதே ஆசைதான். விறைப்பு அதன் பின்னே போகும். கதிர்வீச்சில் விறைப்பு மெதுவாக, மாதங்களும் வருடங்களும் கழித்துக் குறையலாம். மூன்றையும் ‘ஆண்மைக் குறைவு’ என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால், தேர்வு செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் நோயாளிக்கு வார்த்தை கிடைக்காது.

அடுத்தது ‘சிறுநீர்க் கட்டுப்பாடின்மை’. அகராதிக்குச் சரி. வீட்டில் சொல்வது ‘நீர் கசியுது’. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சில சொட்டு. வேட்டி கட்டுகிறவருக்கு இது தனிப் பிரச்சினை. நீரை உறிஞ்சும் பேட் நிற்க உள்ளே இறுக்கமான ஜட்டி வேண்டும், பல பெரியவர்கள் அதைப் போட்டே பழகியிருக்க மாட்டார்கள். அறுவையின்போது சிறுநீர் வடிய வைத்த குழாயை எடுத்ததும் தொடங்க வேண்டிய இடுப்படித் தசைப் பயிற்சிக்கு எளிய விளக்கம் ‘மூத்திரத்தைப் பாதியில் அடக்குவது போல இறுக்கு, விடு’. எந்தத் தசை என்று கண்டுகொள்ளத்தான் இந்த உதாரணம். நிஜமாகவே நீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது.

எவ்வளவு பேருக்கு இதெல்லாம் வரும்? பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வு நல்ல விடை தருகிறது. புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. ஆறாம் மாதத்தில் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 46 சதவீதம், கதிர்வீச்சில் 5, கண்காணிப்பில் 4. ஆறு ஆண்டுகள் கழித்து அறுவைப் பிரிவில் 17 ஆக இறங்கியது. பதினைந்து ஆண்டு முடிவு 2023இல் வந்தது. மூன்று பிரிவிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 3 சதவீதத்தை ஒட்டியே. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதத்தினருக்கு நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியிருந்தது. மற்ற இரண்டிலும் அது 5 சதவீதத்தை ஒட்டி நின்றது. தேர்வு என்பது இந்த எண்களுக்கு நடுவேதான்.

அந்தக் கண்காணிப்புக்குத் தமிழில் ‘தீவிரக் கண்காணிப்பு’ என்று எழுதுகிறார்கள். படித்த உடனே ஐ.சி.யூ. ஞாபகம் வரும். நடப்பதோ நேரெதிர்: வீட்டில் இருந்தபடி, குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி, அதாவது சுரப்பியிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துச் சோதிப்பது. ‘தொடர் கண்காணிப்பு’ என்றால் குழப்பம் தீரும். ‘சும்மா விட்டுட்டாங்க’ என்று உறவினர் பேசுவது நிற்கவும் அது உதவும். யாருக்கு இது பொருந்தும் என்பதைப் பயாப்சி சொல்லும். புற்று எவ்வளவு தீவிரமானது என்று காட்ட 1960களில் அமெரிக்க நோயியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் வகுத்த மதிப்பெண்தான் இன்றும் அறிக்கையில் வருகிறது. இப்போதைய வழக்கில் பயாப்சியில் மிகக் குறைந்த மதிப்பே 6. ‘பத்துக்கு ஆறு’ என்று பதறுகிறார்கள், அது அடிமட்டப் படி என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் குழப்பத்துக்காகவே 1 முதல் 5 வரையிலான தரக் குழுக்கள் வந்தன. கிளீசன் 6 என்றால் குழு 1.

கதிர்வீச்சு பற்றிச் சுருக்கமாக: மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறார்கள், அதனால் ஷாக் அடிக்குமோ என்று பயம். வலிக்காது. பிற்பாடு மலக்குடலில் எரிச்சல், சிலருக்கு ரத்தம்.

கடைசியாக, மிகக் கடினமான சொல்: ஹார்மோன் சிகிச்சைக்கு வைக்கும் பெயர். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், விதையை எடுத்தாலோ பெண் ஹார்மோன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்று சுருங்குவதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு ஊசி அதே வேலையைச் செய்கிறது. செலவு தாங்காதவர்களுக்கு விதை நீக்க அறுவை நம் நாட்டில் இன்னும் வழக்கத்தில் உண்டு. எதுவானாலும் உடம்பு திடீரென்று தகிக்கும், சட்டை நனையும் அளவு வியர்க்கும், மார்பு பருக்கலாம், எலும்பு மெலியும், தசை கரையும். பரவிய பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு: பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரானுக்கு 1981இல் எலும்புக்குப் பரவிய நிலையில் நோய் தெரியவந்தது. நாட்டுக்கு 1992வரை சொல்லவில்லை. இரண்டு பதவிக்காலத்தையும் முடித்து 1996இல்தான் இறந்தார்.

இந்தச் சிகிச்சையைத் தமிழில் ‘ஆண்மை நீக்கம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ‘காயடிப்பு’ என்றும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். காளைக்குச் செய்வதற்கான சொல் அது. ஊசிக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறும் நிலையை ‘காயடிப்பு எதிர்ப்புப் புற்று’ என்று அதே கை எழுதியிருந்தது. ஊசியை ‘ஹார்மோன் குறைப்பு’ என்றும், அறுவையை ‘விதை நீக்கம்’ என்றும், அதற்கும் பணியாத நோயை ‘ஹார்மோன் குறைப்புக்கு அடங்காத புற்று’ என்றும் எழுதலாம். அடங்காத என்றால் மருந்தே இல்லை என்று பொருளில்லை. அபிராடெரோன், என்சாலுடமைடு போன்ற மாத்திரைகளும், டோசிடாக்செல் என்ற கீமோவும் அந்தக் கட்டத்துக்கும் இருக்கின்றன. படிவத்தில் அடுத்த வரியாக அதையும் சேர்த்து எழுத வேண்டும்.