சைட்டிஸ் ஒப்பந்தம்: உயிரினங்கள் எல்லை தாண்ட என்ன அனுமதி வேண்டும்?

காட்டில் பிடித்த கிளி, பறித்த ஆர்க்கிட், ஆமை ஓட்டில் செய்த சீப்பு என எதை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனாலும் முதலில் பார்க்க வேண்டியது சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தை. காட்டு விலங்குகள், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் இது. 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் ஏற்கப்பட்டு, 1975 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இதன் மூன்று பட்டியல்களிலும் சேர்த்து உள்ள இனங்கள் 40,000க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தாவரங்கள்.

இதை முழுத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பட்டியலுக்குத்தான் அது ஏறக்குறைய பொருந்தும். புலி, எட்டு வகை அழுங்குகள் (பாங்கோலின்) போன்றவை அதில் உள்ளன. காட்டிலிருந்து எடுத்த இவற்றை வணிகத்துக்காக வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆய்வுக்கென்றாலும் அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் அனுமதியும் தேவை. மூன்றாம் பட்டியல் சின்னது: ஒரு நாடு தன் இனத்தைக் காக்க மற்ற நாடுகளின் உதவியைக் கேட்டுச் சேர்ப்பது.

பெரும்பாலான இனங்கள் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கின்றன. இங்கே வணிகம் செய்யலாம். ஆனால் அனுப்பும் நாட்டின் அறிவியல் அமைப்பு, "இந்த ஏற்றுமதியால் காட்டில் அந்த இனம் நலியாது" என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். ஆமைகள் பல ஆண்டுகள் வளர்ந்த பிறகே முட்டையிடும். அப்படி வளர்ந்தவற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஈடுகட்ட அடுத்த தலைமுறை இருக்காது. பழம் தின்னும் பறவைகள் குறைந்தால் விதை பரவாமல் காடே மாறும். கணக்கெடுக்காமல் கையெழுத்துப் போட்டால் அனுமதிச் சீட்டு வெறும் காகிதம்தான்.

சரியாகச் செய்தால் பலன் உண்டு. தென் அமெரிக்காவின் விக்கூனா, ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன விலங்கு. பாதுகாப்பால் எண்ணிக்கை மீண்டது. இப்போது உயிரோடு பிடித்து, ரோமத்தைக் கத்தரித்து, விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டைகளும் உண்டு. உள்நாட்டு விற்பனை இந்த ஒப்பந்தத்துக்குள் வராது, அதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத இனத்துக்கு இதில் பாதுகாப்பே இல்லை. அப்புறம், காட்டில் பிடித்ததையே "பண்ணையில் பிறந்தது" என்று எழுதி அனுப்பும் மோசடி.

எதையாவது வாங்கி எடுத்துப்போவதாக இருந்தால் அதன் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் தேட அதுதான் உதவும். அனுமதிச் சீட்டைப் பயணத்துக்கு முன்பே பெற வேண்டும். ஏற்றுமதிச் சீட்டு ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். சொந்த உபயோகப் பொருட்களுக்குச் சில தளர்வுகள் இருந்தாலும், எந்த நாடும் தன் சட்டத்தை இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே இரு நாடுகளின் சைட்டிஸ் அலுவலகங்களிலும் கேட்டுவிடுங்கள்.