வறுவல் கறுத்தால் உரத்தைக் கேளுங்கள்

தேக்கா சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கும்போது நாம் கேட்பதெல்லாம் ஊரைப் பற்றித்தான்: பங்களாதேஷா, சீனாவா, இந்தோனீசியாவா? பேரங்காடிக்குப் போனால் கேள்வி மாறிவிடும். இயற்கை உரத்தில் விளைந்ததா, சாதாரணமா? விலையும் அதற்கேற்ப மாறும். ஆனால் வாணலியில் போட்ட பிறகு இந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. விலை கூடியது கறுத்துப்போவதும் உண்டு, மலிவுக் கிழங்கு பொன்னிறமாக முறுகுவதும் உண்டு.

இந்தக் கிழங்கு எப்படி வளர்கிறது என்று சிங்கப்பூரில் நமக்குப் பார்க்கக் கிடைப்பதில்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் வெண்டையும் கத்தரியும் காய்க்கும். உருளைக்கிழங்கை நட்டால் இலை தழைக்கும், கிழங்கு பேருக்குத்தான் இருக்கும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செடி இலையில் உண்டாக்கிய சர்க்கரையை மண்ணுக்குள் அனுப்பி மாவாகச் சேர்க்கும். இங்கே இரவிலும் 25 டிகிரி. எந்த உரம் போட்டாலும் இது மாறாது. ஊட்டியில் விளைவது இங்கே விளையாததற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, உரத்துக்கு வருவோம். வேருக்கு எரு, யூரியா என்ற பேதம் தெரியாது. மாட்டெருவில் இருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண்ணின் நுண்ணுயிரிகள் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. யூரியாவும் மண்ணில் விழுந்ததும் அதே வழியில்தான் போகிறது. கடைசியில் வேர் பெரும்பாலும் உறிஞ்சுவது ஒரே நைட்ரேட்டைத்தான். வித்தியாசம் அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. தொழுவுரத்தில் சுமார் அரை விழுக்காடு. 100 கிலோ யூரியாவில் இருப்பதை எருவாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஒன்பது டன்னுக்கு மேல் வண்டியில் ஏற்ற வேண்டும். அப்படிக் கொட்டினாலும் அத்தனையும் அந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. யூரியா ரொக்கம் என்றால் எரு நம் மத்திய சேம நிதி மாதிரி: பணம் உங்களுடையதுதான், நினைத்தபோது எடுக்க முடியாது.

உருளைக்கிழங்கின் தரத்தில் பாதி இந்த வேகத்தைப் பொறுத்ததுதான். நட்ட முதல் சில வாரங்களில் இலை வேண்டும், அதற்குத் தழைச்சத்து வேண்டும். கிழங்கு பிடித்துப் பருக்கத் தொடங்கிய பிறகும் தழைச்சத்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால், செடி மறுபடி இலை விடத் தொடங்கிவிடும். கிழங்கு முற்றுவது தள்ளிப்போகும். பறிக்கும்போது கிழங்கு பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர் கூடி மாவு குறைந்திருக்கும், மாவாக மாறாத சர்க்கரையும் மிச்சம் இருக்கும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கறுக்கிறது.

கையை வீசி யூரியா போடுபவர் வயலில் இது நடக்கும். எரு போடுபவர் வயலிலும் நடக்கலாம் என்பதைப் பலர் சொல்வதில்லை. கோழி எருவை அளவில்லாமல் கொட்டினாலும், பருவத்தின் கடைசியில் மண் சூடாகி எரு அப்போதுதான் வேகமாக மக்கினாலும் விளைவு ஒன்றுதான். பொதுவாக எருவை மட்டும் நம்பிய பயிருக்குத் தழைச்சத்து குறைவாகத்தான் கிடைக்கிறது. அதனால் விளைச்சல் குறையும். கிழங்கில் தண்ணீரும் நைட்ரேட்டும் சற்றுக் குறைவாக இருக்கும். ‘இயற்கைக் கிழங்கு ருசி’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ருசிக்குக் காரணம் சாணம்தான் என்று சொல்வதற்கில்லை. யூரியாவை அளந்து போட்ட கிழங்கும் அதே ருசியில் வரும்.

தழைச்சத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். உருளைக்கிழங்கோ சாம்பல்சத்தை, அதாவது பொட்டாஷை, அதைவிட அதிகமாக உறிஞ்சும் பயிர். இங்கே உரத்தின் வகை நிஜமாகவே முக்கியம். கடையில் மலிவாகக் கிடைப்பது மியூரியேட் ஆப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. கூட வரும் குளோரைடு கிழங்கில் தண்ணீரை ஏற்றி மாவின் அடர்த்தியைக் குறைக்கிறது. சல்பேட் வடிவில் அதே பொட்டாஷைப் போட்டால் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் கூடுதல். சிப்ஸுக்காகவே விளைவிப்பவர்கள் பலர் அந்தச் செலவைச் செய்வது இதனால்தான்.

சாம்பல்சத்து குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பொடிமாஸில் பார்க்கலாம். வெள்ளையாக வெந்த கிழங்கு ஆற ஆறச் சில சமயம் சாம்பல் நிறமாகும், குறிப்பாகக் கொடியோடு ஒட்டியிருந்த முனையில். கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து காற்றுப் பட்டதும் கறுக்கின்றன. கிழங்கில் சிட்ரிக் அமிலம் போதுமான அளவு இருந்தால் அது இரும்பைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். பொட்டாஷ் குறைந்த மண்ணில் விளைந்த கிழங்கில் இந்த அமிலம் குறைவு. பொடிமாஸில் நாம் எலுமிச்சை பிழிவது ருசிக்காக என்றாலும், வயலில் விடுபட்ட சிட்ரிக் அமிலத்தை அங்கே நாம்தான் சேர்க்கிறோம்.

எருவின் உண்மையான பலம் மண்ணில் தெரியும். மண்ணை இளக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். கிழங்கு கோணாமல் உருண்டு பருக்க இடம் கிடைக்கும். நீலகிரி போன்ற புளிப்பு மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் சிக்கிக்கொள்ளும். எரு மக்கும்போது வரும் அமிலங்கள் அதில் ஒரு பகுதியை விடுவிக்கின்றன. யூரியாவால் இது முடியாது. ஆனால் மக்காத பச்சைச் சாணத்தைப் போட்டால் கிழங்கின் தோலில் சொறிநோய் வரும் வாய்ப்பு கூடும், மண்ணில் காரத்தன்மை இருந்தால் இன்னும் மோசம். தோல் பார்க்க அசிங்கமாக இருக்கும், சீவிவிட்டுச் சாப்பிடலாம். நன்கு மக்கிய எருவை அடியுரமாகப் போட்டு, மண் அணைக்கும்போது ரசாயன உரத்தை அளவாக மேலுரமாகக் கொடுப்பதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம். அனுபவமுள்ள விவசாயிகள் பலர் செய்வதும் அதுதான்.

உடல்நலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. தழைச்சத்து கூடிய கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் கூடுகிறது. 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அது சர்க்கரையோடு சேர்ந்து அக்ரிலமைடு என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் வேதிப்பொருளாக மாறும். உணவில் இப்படி உண்டாவதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வறுவலைக் கரும்பழுப்பாக்காமல் இளம்பொன்னிறத்தில் எடுப்பது இதனால்தான் நல்லது. வறுக்கப்போகும் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாக மாறும், உர விஷயத்தில் விவசாயி எடுத்த கவனமெல்லாம் வீணாகும்.

எந்த உரத்தில் விளைந்தது என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், மாவு எவ்வளவு என்று நாமே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 125 கிராம் உப்பைக் கரைத்து முழுக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு: வறுவலுக்கும் கறிபஃப் பூரணத்துக்கும் அது. மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு. குருமாவிலும் சாம்பாரிலும் கரையாமல் துண்டாக நிற்கும்.

கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் தோலை அழுத்தித் தேயுங்கள். முற்றிய கிழங்கின் தோல் ஒட்டியிருக்கும். உரிந்து வந்தால் முற்றாமல் பறித்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு வாரம்கூடத் தாங்குவது சந்தேகம், இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.