ஆதென்டிகேஷன்: மெய்யுறுதி

கிரேக்க மொழியில் 'ஆட்டோஸ்' என்றால் தான். 'ஹென்டஸ்' என்றால் செய்பவன். இரண்டும் சேர்ந்த 'ஆதென்டஸ்', ஒரு காரியத்தைத் தன் கையாலேயே செய்தவனைக் குறித்தது. (கொலைகாரனுக்கும் இதே சொல்தான்!) அதிலிருந்து பிறந்த 'ஆதென்டிகோஸ்', லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஆதென்டிகேஷன்' ஆயிற்று. ஒருவர் தான் சொல்லும் ஆள்தானா, ஒன்று உண்மையானதுதானா என்று உறுதிசெய்வது.

தமிழில் இதை 'அங்கீகாரம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. அங்கீகாரம் என்பது ஒப்புதல். நீங்கள் யார் என்று தெரிந்த பிறகு, எதைச் செய்யலாம் என்று அனுமதிப்பது. 'சரிபார்ப்பு' பரவாயில்லை, ஆனால் கணக்கைக்கூடச் சரிபார்க்கலாமே. 'சான்றொப்பம்' என்றால் இன்னொருவர் போட்டுத் தருவது. 'மெய்யுறுதி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

செய்தியை மெய்யுறுதி செய்வது என்றால், அனுப்பியவர் அவரேதான், வழியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று இரண்டையும் காட்டுவது. பழைய செய்தியையே யாராவது பிடித்து வைத்து மறுபடி அனுப்பினால்? அதற்காகத்தான் வரிசை எண்ணோ நேரமுத்திரையோ சேர்க்கிறார்கள்.

மறையாக்கம் செய்தாலே, அதாவது பிறர் படிக்க முடியாதபடி செய்தியைச் சாவி கொண்டு மாற்றினாலே, போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஒரே ஒரு முறை பயன்படும் சாவியால் பிட் பிட்டாக (0, 1 என்ற ஒவ்வோர் இலக்கமாக) மறைக்கும் முறையை உடைக்கவே முடியாது என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியான கட்டுரையில் நிறுவிக் காட்டினார். ஆனால் அப்படி மறைத்தது பணம் அனுப்பச் சொல்லும் செய்தி என்றால், அதில் தொகை எந்த இடத்தில் வரும், அது 1000 என்பது மட்டும் வழியில் பிடிப்பவருக்குத் தெரிந்தால் போதும். அங்குள்ள பிட்களைப் புரட்டி 9000 ஆக்கிவிடலாம். சாவியே வேண்டாம். பெறுபவர் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ரகசியம் முழுசாக இருக்கிறது, மெய்யுறுதி துளியும் இல்லை.

இதற்கு மருந்து, செய்தியோடு ஒரு குறியைச் சேர்ப்பது. செய்தியையும் ரகசியச் சாவியையும் கலந்து கணக்கிடும் அந்தக் குறிக்கு மேக் (MAC, செய்தி மெய்யுறுதிக் குறி) என்று பெயர். 1996இல் முன்வைக்கப்பட்ட ஹெச்மேக் (HMAC) என்ற வகை இன்றும் பரவலாகப் புழங்குகிறது. செய்தியில் ஒரு பிட் மாறினாலும் குறி ஒத்துப்போகாது.

இதிலும் ஒரு குறை உண்டு. சாவி இருவரிடமும் இருப்பதால், "நான் அனுப்பவில்லை, நீயே எழுதிக்கொண்டாய்" என்று அனுப்பியவர் கைவிரித்தால் மூன்றாமவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் முன்வைத்த கருத்து அது: கையொப்பமிடும் சாவி ஒருவரிடம் மட்டும், சோதிக்கும் சாவி எல்லோரிடமும்.